தாத்தாவின் உளிச் சட்டத்திலிருந்து ஒரு கருவிச் சுவர்: முழுமையான வழிகாட்டி

தச்சு வேலை பார்த்த தாத்தாவோ அப்பாவோ விட்டுப்போன கருவிகள் பல வீடுகளில் சாக்கு மூட்டையில் பரணில் கிடக்கின்றன. அவற்றை இறக்கி, நாம் வாங்கிய புதுக் கருவிகளோடு சேர்த்து, தினமும் கை நீட்டி எடுக்கிற மாதிரி ஒரு சுவரில் அமைக்கும் முறையை இங்கே எழுதுகிறேன். என் பட்டறையில் இரண்டு தடவையும், சொந்தக்காரர், நண்பர் வீடுகளில் நான்கு தடவையும் செய்து பார்த்தது இது.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் டிரில்லைக் கையில் எடுத்துச் சுவரிலிருந்து தொடங்குகிறார்கள். அப்படித் தொடங்கினால் கருவிகள் சுவருக்கு ஏற்ப இடம் தேடிக்கொள்ள வேண்டிவரும். கருவிகளில் தொடங்குங்கள். சுவரில் துளை போடுவது பாதி வேலை முடிந்த பிறகு வருகிற வேலை.

அமைப்பு இதுதான். மேல் விளிம்பு 45 டிகிரி சாய்வாக அறுத்த ரீப்பர்கள், அதாவது நீளமான மரப்பட்டைகள், சுவரில் கிடைமட்டமாக வரிசை வரிசையாகப் போகும். ஒவ்வொரு கருவிக்கும் ஒரு தாங்கி செய்து, அதன் முதுகில் எதிர்ச் சாய்வு உள்ள ஒரு துண்டை வைப்போம். தாங்கியைத் தூக்கி மாட்டினால் உட்கார்ந்துகொள்ளும், தூக்கினால் வந்துவிடும். ஆணியடித்து மாட்டும் சுவரில் ஒரு கருவி கூடினால் பக்கத்தில் இருப்பதையெல்லாம் பிடுங்க வேண்டும். இதில் நகர்த்தினால் போதும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

8 அடி அகலம், 6 வரிசை கொண்ட சுவருக்கு 18 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 ஷீட் ஒன்று. தண்ணீர் தாங்கும் ரகமாக வாங்குங்கள். ரீப்பருக்குப் போக மீதியில் தாங்கிகளில் பெரும்பகுதி வந்துவிடும். ஷீட் முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும். தூக்க இரண்டு பேர் வேண்டும்.

75 மி.மீ. நீள ஸ்க்ரூ 50, அதற்கேற்ற 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக், செங்கல் துளைக்கும் 8 மி.மீ. பிட், தாங்கிகளுக்கு 30 மி.மீ. ஸ்க்ரூ ஒரு பாக்கெட், ஃபெவிகால், ரசமட்டம், நூல். சாய்த்து அறுக்கக்கூடிய சர்க்குலர் ரம்பம் இல்லாவிட்டால் வாங்க வேண்டாம். மரக்கடையிலோ மில்லிலோ கேட்டு அந்த ஒரு வேலையை மட்டும் முடித்துக்கொள்ளலாம்.

1. மூட்டையைப் பிரித்தவுடன் தேய்க்காதீர்கள்

முதலில் ஒவ்வொரு கருவியையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள். பழைய தச்சர்கள் கைப்பிடியின் அடியிலோ இழைப்புளியின் மூக்கிலோ தங்கள் அடையாளத்தைக் குத்தி வைத்திருப்பார்கள். ஒரு எழுத்து, இரண்டு கோடு, ஒரு புள்ளி, ஏதோ ஒன்று இருக்கும். அழுக்குக்கு அடியில் இருக்கும் அதை உப்புத்தாள் முதல் இழுப்பிலேயே தின்றுவிடும். எங்கள் தாத்தாவின் கொட்டாப்புளியில் (மரச் சுத்தியல்) இருந்த மூன்று புள்ளிகளை நான் அப்படித்தான் இழந்தேன். பழைய போட்டோ ஒன்றுகூட இல்லை.

துருவை மண்ணெண்ணெயில் நனைத்த மெல்லிய இரும்புப் பஞ்சால் எடுங்கள். செம்மண் நிறத் துரு போனதும் நிறுத்திவிடுங்கள். அதன் கீழே தெரியும் கறுப்பு, இரும்புக்குக் கெடுதல் செய்வதில்லை. பளபளப்பாக்க கிரைண்டரில் பிடிக்கவே கூடாது. உளியின் நுனி சூடேறி நீலம் பாய்ந்தால் பதம் போய்விட்டது என்று அர்த்தம். அப்புறம் எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

கைப்பிடிகளை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ஆளிவிதை எண்ணெய் மெல்லியதாகத் தடவுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் போடுகிறார்கள். அது உலர்வதில்லை, தூசியைப் பிடித்துக்கொண்டு பிசுபிசுவென்று நிற்கும். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறியாதீர்கள். அந்த எண்ணெய் உலரும்போது சூடு உண்டாகும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டு, பிறகு வெளியே எறியுங்கள்.

கடைசியாக ஒவ்வொரு கைப்பிடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பூண் கழன்றது, பிடி விரிந்தது, தலை ஆடுவது எல்லாவற்றையும் இப்போதே சரிசெய்துவிடுங்கள். சுவரில் ஏறிய பிறகு யாரும் செய்வதில்லை.

2. வேலை நடக்கிற வரிசையில் தரையில் பரப்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

எங்கள் தாத்தா திண்ணையில் உட்கார்ந்து வேலை பார்த்தவர். அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்கு மேல் இரண்டு முளையில் ஒரு தேக்குச் சட்டம் மாட்டியிருந்தது. அதில் ஒன்பது வாய், ஒன்பது உளி. இடது ஓரம் கால் இன்ச், வலது ஓரம் இரண்டு இன்ச். திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டுவார், வேண்டிய உளி கையில் இருக்கும். சட்டத்துக்கு இடப்பக்கம் மூலைமட்டமும் நூலும், வலப்பக்கம் இழைப்புளிகள். அவருக்கு அடுத்து அப்பா அதே வரிசையை வைத்துக்கொண்டார். கருவிகளோடு எனக்கு வந்தது அந்த வரிசையும்தான்.

உங்கள் வீட்டில் அந்த வரிசையைப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் இப்போதே கேளுங்கள். பெரும்பாலும் பாட்டிக்கோ அத்தைக்கோ தெரியும், ஏனென்றால் சுத்தம் செய்தது அவர்கள். "எது எங்கே இருந்தது?" என்று கேட்டால் சட்டென்று ஞாபகம் வராது. கருவியைக் கையில் கொடுத்து, "அப்பா இதை எங்கிருந்து எடுப்பார்?" என்று கேளுங்கள். கை காட்டிவிடும்.

யாரும் இல்லையென்றால் வேலையின் வரிசையை வைத்துக்கொள்ளுங்கள்: அளந்து குறிப்பது, அறுப்பது, இழைப்பது, துளை எடுப்பது, சேர்த்து இறுக்குவது. தரையில் சுவரின் அளவுக்குச் சாக்கட்டியால் கட்டம் போட்டு, கருவிகளை அந்த வரிசையில் பரப்புங்கள். இரண்டு உருப்படிக்கு நடுவே கைவிட்டு எடுக்க இரண்டு விரல் அகலமாவது இடம் விடுங்கள். அடுக்கி முடித்ததும் போட்டோ. பிறகு செய்யப்போகும் எல்லாவற்றுக்கும் அதுதான் வரைபடம்.

அதிகம் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் இடையே வரட்டும். கனமானவை கீழே. வருடத்துக்கு ஒரு தடவை எடுப்பவை உச்சியில். பாட்டனார் கருவி என்பதற்காக மட்டும் வேலைக்கு உதவும் ஒன்றை உச்சியில் வைக்காதீர்கள். எடுக்காமல் விட்டால் துருப்பிடிக்கும். நிஜமாகவே வேலைக்காகாதது, உதாரணத்துக்கு விரிந்துபோன மர மூலைமட்டம், மேல் வரிசைக்குப் போகலாம்.

இடக்கைக்காரர் என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். என் தங்கை மகனுக்கு முதலில் தாத்தாவின் வரிசையை அப்படியே வைத்துக் கொடுத்தேன். இரண்டு வாரம் தடுமாறினான். வலமிருந்து இடமாக மாற்றியதும் சரியாகிவிட்டது.

3. சுவரைச் சோதியுங்கள்

ஓதம் ஏறும் சுவரில் இரும்பை மாட்டினால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் சிவந்துவிடும். ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது, வேறு சுவரைப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்டும் ஈரம் என்றால் அது அறைக்காற்றின் ஈரம், காற்றோட்டம் கொடுத்தால் போதும். அந்தப் பக்கம் குளியலறை இருக்கும் சுவரைச் சோதிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

விரலால் தட்டிக்கொண்டே போங்கள். டொக் டொக் என்று வெற்றொலி வரும் இடத்தில் பூச்சு செங்கல்லை விட்டு விலகியிருக்கிறது. அங்கே ஸ்க்ரூ நிற்காது. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் வயர் ஓடும், அந்தப் பட்டையில் துளை போடாதீர்கள். ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரும் சுவர் நல்லது. வெளிச்சம் முதுகிலிருந்து வந்தால் எடுக்கும் கருவி மீது உங்கள் நிழலே விழும்.

4. ரீப்பரை அறுப்பது

ஷீட்டின் நீளவாக்கில் 7 அங்குல அகலத்துக்கு மூன்று பட்டை நேராக அறுங்கள். பிறகு பிளேடை 45 டிகிரிக்குச் சாய்த்து ஒவ்வொரு பட்டையையும் நட்டநடுவில் நீளமாகப் பிளந்தால், பட்டைக்கு இரண்டாக ஆறு ரீப்பர் வரும். முதலிலேயே சாய்த்து அறுத்தால் அடுத்த அறுப்புக்கு ரம்பத்தின் வழிகாட்டிச் சட்டத்தை ஒட்டிப் பிடிக்க நேரான விளிம்பு இருக்காது.

ரம்பத்தில் எழுதியிருக்கும் 45ஐ நம்பி முழு ஷீட்டில் இறங்காதீர்கள். ஒரு கழிவுத் துண்டை அறுத்து, இரண்டு பாதியையும் ஒன்றின் மேல் ஒன்றாக மாட்டிப் பாருங்கள். இடைவெளி தெரியாமல் உட்கார வேண்டும். எல்லா ரீப்பரையும் தாங்கித் துண்டையும் ரம்பத்தின் சாய்வை மாற்றாமல் ஒரே மூச்சில் அறுத்துவிடுங்கள். அப்படிச் செய்தால் 44 டிகிரி வந்திருந்தாலும் ஒன்றோடொன்று பொருந்தும். இன்று பாதி, நாளை பாதி என்று அறுத்தவர்களுக்குத்தான் தாங்கி ஆடுகிறது.

சாய்வின் கூர் முனையை இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்து, 2 மி.மீ. தட்டையாக்குங்கள். கூராக விட்டால் சிராய் கிளம்பும், கையைக் கிழிக்கும். பள்ளத்தில் மரத்தூள் சேர்ந்தாலும் தாங்கி சரியாக உட்கார இந்த 2 மி.மீ. இடம் கொடுக்கும்.

5. சுவரில் ஏற்றுவது

ரீப்பரின் சாய்வு மேலே இருக்க வேண்டும், கூர் முனை உங்களைப் பார்த்து, பள்ளம் சுவரை ஒட்டி. தலைகீழாக வைத்து ஆறு ரீப்பரையும் முடுக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. முதல் ரீப்பரைச் சுவரில் கையால் பிடித்து, ஒரு தாங்கித் துண்டை மாட்டிப் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள்.

கீழிருந்து தொடங்குங்கள். கீழ் வரிசை தரையிலிருந்து 2¾ அடி, வரிசைக்கு வரிசை 8 அங்குலம். மேல் வரிசை 6 அடிக்குக் கொஞ்சம் மேலே வரும். வேலை மேசை அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் மேசைக்கு ஓர் அடி மேலே ஆரம்பியுங்கள். முதல் வரிசைக்கு மட்டும் ரசமட்டமும் நூலும் வைத்து நிதானமாக மட்டம் பாருங்கள். 8 அடி நீளத்துக்குச் சின்ன ரசமட்டத்தை விட, கொத்தனார் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டம் துல்லியம். அடுத்த வரிசைகளுக்கு 4½ அங்குல உயரத்தில் ஒரே அளவாக இரண்டு கட்டை வெட்டி, கீழ் ரீப்பரின் மேல் நிறுத்தி, அதன் மேல் அடுத்த ரீப்பரை உட்கார வையுங்கள். தனியாளாகவே செய்துவிடலாம். மூன்றாவது வரிசையில் ஒரு தடவை மட்டம் சரிபாருங்கள்.

இப்போது ஸ்க்ரூ. ஏன் 75 மி.மீ. என்று கேட்பார்கள். பிளைவுட் 18, சிமென்ட் பூச்சு சுமார் 15, மீதி 40 செங்கல்லுக்குள். எடையைத் தாங்குவது அந்த 40 மட்டும்தான். என் முதல் சுவருக்கு 50 மி.மீ. போட்டேன். செங்கல்லுக்குள் போனது 17. நாலு மாதம் நின்றது. ஒரு ராத்திரி இழைப்புளிகள் இருந்த வரிசை பூச்சோடு பெயர்ந்து விழுந்து, அப்பாவின் நீள இழைப்புளியின் பிடி பிளந்துபோனது. ஒட்டிவிட்டேன், ஆனால் ஒட்டு தெரிகிறது.

ரீப்பரில் முதலில் 5 மி.மீ. துளை போட்டு, சுவரில் வைத்து ஆணியால் குறித்து, இறக்கிவிட்டுச் சுவரைத் துளையுங்கள். துளை ஸ்க்ரூ போகும் ஆழத்தை விட ஒரு விரல் கூடுதலாக இருக்கட்டும். உள்ளே தங்கும் தூள் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். தூளை ஊதி வெளியே எடுத்துவிட்டு பிளக்கைச் செருகுங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள். பிளக்கின் தலை பூச்சோடு நிற்காமல், பழைய ஸ்க்ரூ ஒன்றால் தட்டி, செங்கல்லுக்குள் போகவேண்டும். பூச்சுக்குள் விரியும் பிளக் பூச்சைத்தான் உடைக்கும். 15 அங்குலத்துக்கு ஒன்று, ரீப்பருக்கு ஏழு.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரென்றால் பூச்சு இன்னும் கனமாக இருக்கலாம். ஒரு துளை போட்டுத் தூளின் நிறத்தைப் பாருங்கள். வெள்ளை முடிந்து செங்கல் சிவப்பு வரும் ஆழத்தை பிட்டில் டேப் சுற்றிக் குறித்து, ஸ்க்ரூவை அதற்கேற்ப நீட்டுங்கள். உள்கூடான சிமென்ட் கல் சுவருக்குச் சாதாரண பிளக் உதவாது. உள்ளே போய் விரிந்து பிடிக்கும் ரகத்தைக் கடையில் கேட்டு வாங்குங்கள்.

6. தாங்கிகள்

எல்லாத் தாங்கிக்கும் பொதுவானது: மேலே சாய்வுத் துண்டு, கீழே அதே கனத்தில் ஒரு முட்டுக்கட்டை. முட்டுக்கட்டை இல்லாவிட்டால் தாங்கி கீழ்ப்பக்கம் சுவரை நோக்கிச் சாய்ந்து, கருவி முன்னால் வழுக்கும். ஃபெவிகாலும் ஸ்க்ரூவும் இரண்டுமே போடுங்கள், ஓர் இரவு காயவிடுங்கள். தாங்கி சுவரிலிருந்து எவ்வளவு வெளியே நீள்கிறதோ அவ்வளவு இழுவை. கனமான கருவியைச் சுவரை ஒட்டியே வையுங்கள்.

உளிக்கு எங்கள் தாத்தாவின் சட்டத்தையே மாட்டியிருக்கிறேன், முதுகில் சாய்வுத் துண்டு மட்டும் சேர்த்து. அந்தத் தேக்குத் துண்டு செய்த விதம் இன்றைக்கும் அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்கது. வாய்கள் வட்டத் துளையாக இல்லை, முன்பக்கம் திறந்திருக்கின்றன. உளியை ஓர் அங்குலம் தூக்கி முன்னால் இழுத்தால் வந்துவிடும். வட்டத் துளை என்றால் உளியின் முழு நீளத்துக்கும் மேலே தூக்க வேண்டும், கூர்முனை விரலைத் தாண்டிப் போகும். வாயின் மேல் விளிம்பு கிண்ணம் போல லேசாகக் குடைந்திருக்கிறது. பூண் அதில் உட்கார்ந்து தானாக நடுவுக்கு வரும், முன்னால் நழுவாது. நீங்கள் புதிதாகச் செய்வதானால், உளியின் கழுத்தை விட 2 மி.மீ. அகலமாக வாய் வெட்டி, வட்ட அரத்தால் மேல் விளிம்பைக் குடையுங்கள். கூர்முனைகளுக்கு முன்னால் 6 மி.மீ. பிளைவுட் மறைப்பு ஒன்றை முழு நீளத்துக்கும் வையுங்கள். குழந்தைகள் வந்துபோகும் இடமென்றால் அது கட்டாயம்.

காந்தப் பட்டை போடலாமா என்று கேட்கிறார்கள். ஸ்பேனருக்கும் டிரில் பிட்டுக்கும் சரி. உளியை ஒட்டிவைத்தால் நாளாக ஆக உளியே காந்தமாகி, சாணை பிடிக்கும் இரும்புத்தூளை இழுத்துக்கொள்ளும்.

இழைப்புளியைப் பின்பக்கம் சாய்ந்த தட்டில் வையுங்கள். மூக்குக்குக் கீழே மெல்லிய பட்டை ஒன்று ஒட்டினால், தகட்டின் கூர் பலகையைத் தொடாது. மர இழைப்புளியை நாள்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் ஆப்பைக் கொஞ்சம் தளர்த்திவிடுங்கள்.

கைவாளுக்கு (கை ரம்பம்), கைப்பிடியின் உள் துளை வடிவில் ஒரு கட்டை வெட்டி, அதன் முன் ஒரு திருகு தாழ்ப்பாள். வாளின் எடை கைப்பிடியில் நிற்க வேண்டும், பற்கள் எதன் மேலும் தங்கக்கூடாது.

மரம் செதுக்கும் வாச்சிதான் ஆபத்தானது. இரண்டு கட்டைக்கு நடுவே தலை உட்கார்ந்து, வாய் சுவரைப் பார்த்திருக்கட்டும். இடுப்புக்கு மேலே மாட்டாதீர்கள். பழைய ரப்பர் ஹோஸில் ஒரு துண்டைக் கீறி வாயில் மாட்டிவிடுங்கள்.

சுத்தியல், மூலைமட்டம், குறடு எல்லாம் எளிது. ஒரு கட்டையில் இரண்டு முளை, முளை 5 டிகிரி மேல்நோக்கி. அவ்வளவுதான்.

7. ஒரு மாதம் கழித்து உருவம் வரையுங்கள்

மாட்டி முடித்த அன்றே ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பெயின்டில் வரைந்துவிடுகிறார்கள். பார்க்க அழகு. அடுத்த வாரமே இரண்டு கருவி இடம் மாறும், பெயின்ட் மட்டும் அங்கேயே நிற்கும்.

ஒரு மாதம் வேலை செய்யுங்கள். எந்தக் கருவியை மாட்டாமல் மேசையிலேயே விடுகிறீர்கள் என்று கவனியுங்கள். சோம்பேறித்தனத்தை விட இடம் தவறியிருப்பதே பெரும்பாலும் காரணம். அதைக் கைக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். வரிசை நிலைத்த பிறகு தாங்கியின் மேலேயே உருவத்தைப் பென்சிலில் வரைந்து வண்ணம் பூசுங்கள். தாங்கி நகர்ந்தால் உருவமும் கூடவே போகும். பழைய அடையாளப் புள்ளி தெரிந்தால் அதையும் அந்த உருவத்துக்குள் வையுங்கள்.

8. துரு, கரையான், ஆயுத பூசை

கீழ் வரிசைக்குக் கீழே உள்ள சுவரை வெறுமையாக விடுங்கள். அங்கே அட்டைப்பெட்டியோ பலகையோ சாய்த்து வைத்தால் கரையான் மண்தடம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிவிடும். பிளைவுட்டின் அறுத்த விளிம்புகளில் ஏற்றுவதற்கு முன்பே கரையான் மருந்து தடவிவிடுங்கள்.

இரும்புப் பகுதியை மாதம் ஒரு தடவை மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் போதும். கடலோர ஊரென்றால் வாரம் ஒரு தடவை.

ஆயுத பூசைக்கு எல்லாவற்றையும் இறக்கிக் கழுவித் துடைப்போம். அதற்கு முன் சுவரை ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். சந்தனமும் குங்குமமும் கைப்பிடியில் வைத்தால் பரவாயில்லை, இரும்பில் ஈரச் சந்தனம் காய்ந்து கிடந்தால் அந்த வட்டத்துக்கு அடியில் துரு பிடிக்கும். எலுமிச்சம்பழச் சாறு பட்ட இடம் அதை விட வேகமாக அரிக்கும். எங்கள் வீட்டில் உளிக்குக் கைப்பிடியிலும், இழைப்புளிக்கு மர உடம்பிலும் பொட்டு வைப்பது வழக்கம். மறுநாள் காலை பூவை எடுத்துவிட்டு, இரும்பையெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு துடைத்து, கால் இன்ச் உளியிலிருந்து தொடங்கி வரிசையாகத் திரும்ப மாட்டுவோம்.